கொக்கி விதை

பிப்ரவரி 9

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். உங்கள் நலத்தை என் மகள் வாராவாரம் தொலைபேசியில் சொல்லிவிடுவதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். பேத்திக்கு மூன்றாவது பல் வந்ததும் தெரியும்.

நானாக எழுதியிருக்க மாட்டேன். மகள்தான் சொன்னாள். "அப்பா, அத்தை ஆஸ்பத்திரி வேலையை இந்த ஊருக்கு மாத்திக்கிட்டு வந்துட்டாங்க, இனிமே எங்களோடதான் இருப்பாங்க. அதுக்காக நீங்க பேத்தியைப் பாக்க வராமலே இருப்பீங்களா? எழுதியாவது தீத்துக்குங்க." ஆகவே எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மகளின் பிரசவத்துக்குத் தாய் இல்லாத குறை தெரியக் கூடாது என்று நீங்கள் கிளம்பிப் போனீர்கள். அதை நான் மறக்கவில்லை. நீங்கள் போன இருபது நாளும் உங்கள் ஆஸ்பத்திரிக் குடியிருப்பின் பால்கனியில் இருந்த பூச்சி தின்னும் செடிகளுக்கு, இருபத்திரண்டு தொட்டிக்கும், நான் தண்ணீர் ஊற்றினேன். அங்கே ஒரு கேனில் ஏசியிலிருந்து சொட்டிய அழுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தீர்கள். அதைக் கொட்டிவிட்டு நல்ல குழாய்த் தண்ணீராகவே ஊற்றினேன். நீங்கள் திரும்பி வந்து, மாடிப்படியில் நின்று, எதிர் வீட்டார் இரண்டு பேர் கேட்க, "உங்க தண்ணி விஷம்" என்றீர்கள்.

இருபத்தெட்டு வருடமாக இந்த ஊர்க் குடிநீர் நிலையத்தின் வேதியியலாளர் நான். இந்த ஊரில் பிறந்த குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தன. உங்கள் மருமகள் உட்பட.

இப்போது என்னிடம் ஆதாரம் இருக்கிறது. கல்யாணம் நிச்சயமான அன்று இனிப்புக்குப் பதிலாக ஒரு அழுகண்ணிச் செடி கொடுத்தீர்களே, இலையெல்லாம் பசைத்துளியாக மின்னிக்கொண்டு, அது எங்கள் ஆய்வகத்தின் மூன்றாவது ஜன்னலில் இரண்டு வருடமாகச் செழிப்பாக இருக்கிறது. நேற்றுகூட ஒரு கொசுவைப் பிடித்தது. அந்த ஜன்னலுக்கு வருவதும் என் தண்ணீர்தான். தொட்டியில் ஒரு களை மட்டும் தொந்தரவு செய்கிறது. நூல் மாதிரி ஒரு தண்டு, நுனியில் சட்டைப் பொத்தானிலும் சிறிய ஊதாப் பூ. முளைக்க முளைக்க நானே பிடுங்கிவிடுகிறேன்.

எனவே அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தில் எழுதினால் போதும். படியில் நின்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 13

பிடுங்காதீர்கள்.

வணக்கமெல்லாம் பிறகு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷத்திலிருந்து அந்தத் தொட்டிப் பக்கம் உங்கள் கை போகக் கூடாது.

உங்கள் கடிதத்தை இரவல் வாங்கிய பேப்பர் மாதிரிதான் மேலோட்டமாகப் படித்துக்கொண்டு வந்தேன். அந்த ஊதாப் பூ வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் மகள் "என்ன அத்தை, யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்துவிட்டாள்.

சம்பந்தி, அது களை இல்லை. அது பைச்செடி. யூட்ரிகுலேரியா என்பார்கள். மேலே தெரிவது பூ மட்டும்தான். செடியின் உயிர் முழுக்க மண்ணுக்குள்ளே வெள்ளை நூலாக ஓடுகிறது. அந்த நூலில் கடுகில் பாதிகூட இல்லாத பைகள் தொங்கும். ஒவ்வொரு பைக்கும் ஒரு கதவு, கதவில் மயிர். ஈர மண்ணில் நீந்தும் நுண்ணுயிர் அந்த மயிரைத் தொட்டதோ இல்லையோ, கதவு திறந்து, தண்ணீரோடு அதை உறிஞ்சி, மறுபடி மூடிக்கொள்ளும். நாம் கண் இமைப்பதற்குள் அது சாப்பாட்டை முடித்துவிடும்.

இது உங்கள் ஜன்னலுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் தொட்டிகள் எல்லாம் ஒரே தட்டில், ஒரே தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. பைச்செடி தன் தொட்டியின் அடி ஓட்டை வழியாக இறங்கி, தட்டுத் தண்ணீரில் நடந்து, பக்கத்துத் தொட்டியின் ஓட்டை வழியாக ஏறிக்கொள்ளும். வாடகை கொடுக்காமல் குடியேறும் ஜாதி. உங்களுக்கு நான் கொடுத்த அழுகண்ணி பத்தாம் எண் தொட்டி. அதன் பக்கத்தில் இருந்தது ஒன்பது.

ஒன்பதாம் எண்ணைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லும் நிலையில் அன்றைக்கு நான் இல்லை.

நம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பாறைச் சரிவில் ஊற்றுக் கசியுமே, இப்போது ஆம்புலன்ஸ் நிறுத்தச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள், அங்கே நான் கண்டெடுத்தது அது. தாவர ஆய்வு நிலையத்துக்கு ஒரு பூவை அழுத்திக் காயவைத்து அனுப்பினேன். எல்லா ஊரிலும் கிடைக்கிற சாதாரண ஊதா வகை என்று பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூட டியூட்டியில், ரத்தம் பார்க்கிற மைக்ரோஸ்கோப்பில் அதன் விதையைப் பார்த்தேன். சாதாரண வகைக்கு விதை வழவழப்பாக இருக்கும். இதற்கு உடம்பெல்லாம் கொக்கி. ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் வரைந்து அனுப்பினேன். அந்த நிலையத்து அதிகாரி தொலைபேசியில் சிரித்தார். "அம்மா, ரத்தம் பாக்கிற கண்ணு வேற, செடி பாக்கிற கண்ணு வேற" என்றார்.

அடுத்த விதை வந்ததும் அவர் மேஜையில் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று காத்திருந்தேன். அதற்குள் உங்கள் நல்ல தண்ணீர் வந்துவிட்டது. பத்தொன்பது தொட்டி போயிற்று, ஒன்பது உட்பட.

இப்போது அந்த நிலையம் இந்த வகைச் செடிகளின் பட்டியலைப் புதிதாக அச்சிடுகிறது. ஜூன் முப்பதுக்குள் பூவும் முற்றிய விதையும் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்களாம். இல்லாவிட்டால் சாதாரண வகை என்றே அச்சேறிவிடும். சரிவும் இல்லை, செடியும் இல்லை என்று நான் பதிலே போடாமல் இருந்தேன்.

பிடுங்கியதையெல்லாம் எங்கே போட்டீர்கள்? அந்தத் தொட்டியில் இப்போது பூத்தண்டு இருக்கிறதா? உடனே எழுதுங்கள்.

இன்னொன்று. பத்தொன்பது தொட்டியைக் கொன்ற தண்ணீரில் உங்கள் ஒரு தொட்டி மட்டும் கொழிக்காது. அதற்கு யார் என்ன ஊற்றுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சொல்லைத் திரும்பப் பெறுவதைப் பிறகு பேசலாம்.

சம்பந்தி


பிப்ரவரி 18

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தொட்டியை யாரும் தொடக் கூடாது என்று சீட்டு ஒட்டிவிட்டேன். இப்போது பூத்தண்டு எதுவும் இல்லை. கடைசியாகப் பிடுங்கியது பிப்ரவரி ஏழு.

பிடுங்கியவற்றை எறியவில்லை. நிலைய வளாகத்துக்குள் தானாக எது முளைத்தாலும், பாசியோ பூஞ்சையோ, மாதிரி எடுத்துத் தேதி எழுதி ஒரு வருடம் வைத்திருப்பது எங்கள் விதி. அதன்படி பதினொரு புட்டிகள், ஸ்பிரிட்டில், சீட்டு ஒட்டி, மூன்றாவது அலமாரியில் இருக்கின்றன. சீட்டில் "களை, அடையாளம் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். விதியைப் பார்த்து ஊழியர்கள் சிரிப்பார்கள். இனிமேல் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் ஆய்வகத்தில் புட்டிகளைக் கழுவி அடுக்கும் அம்மாவைப் புட்டி அக்கா என்று எல்லாரும் கூப்பிடுவோம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். கேட்டேன். "குழாய்த் தண்ணியா? ஆய்வகத்துக்குள்ள இருக்கிற எதுக்கும் நாம குழாய்த் தண்ணி ஊத்தறதில்லையே சார். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றார். இரண்டு வருடமாக அந்தச் செடிக்குப் போனது புட்டிகளை அலசக் காய்ச்சி வடித்து வைத்திருக்கும் தண்ணீர்.

அதன் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு முந்நூற்றுப் பத்து மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. மனிதனுக்கு அது நல்லது, ருசியும் அதனால்தான். காய்ச்சி வடித்ததில் இரண்டு. உங்கள் தட்டில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. கோடையில் இருபது நாள் மேலே மேலே ஊற்றினால், கடைசியில் செடிகள் நின்றது உப்புக் கரைசலில். ஒரு வேதியியலாளனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். தண்ணீர் மேல் இருந்த பெருமையில் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் செடிகளைக் கொன்றது நான்தான். வருத்தப்படுகிறேன்.

ஆனால் அது விஷம் இல்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வேன்.

சம்பந்தி


பிப்ரவரி 23

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கடிதத்தில் பாக்கி வைத்ததையும் சேர்த்து இரண்டு வணக்கம்.

பதினொரு புட்டி என்று படித்ததும் சமையலறையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். களையைப் பிடுங்கி ஸ்பிரிட்டில் போட்டுத் தேதி எழுதி வைக்கிற மனுஷனை நான் பார்த்ததில்லை. உங்கள் மகள், "எங்க வீட்ல என் பால் பல்லுகூட அப்படித்தான் இருக்கு, அத்தை" என்கிறாள். அந்த வழக்கத்தை யார் கிண்டல் செய்தாலும் என்னிடம் அனுப்புங்கள்.

பூவுக்கு இனிக் கவலை இல்லை. ஸ்பிரிட்டில் இருக்கும் பூ, நான் அழுத்திக் காயவைத்ததைவிட நன்றாக வடிவம் காட்டும். நமக்கு வேண்டியது விதை. மண்ணுக்குள் நூல் உயிரோடு இருந்தால் தண்டு மறுபடி வரும். வந்தால் பூ உதிரும் வரை விடுங்கள். உதிர்ந்த இடத்தில் மிளகில் பாதி அளவுக்குக் காய் ஒன்று திரளும். அது பழுப்பு நிறமாகும்போது பிளக்கும், விதை தூசி மாதிரிச் சிந்திவிடும். அதனால் காய் திரண்டதும் டீத்தூள் பை மாதிரி மெல்லிய தாளில் ஒரு சின்னப் பை செய்து மாட்டிவிடுங்கள்.

தட்டில் எப்போதும் ஒரு விரற்கடைத் தண்ணீர் இருக்கட்டும், வடித்ததுதான். உரம் வேண்டாம். பாவம் என்று பார்த்துப் பூச்சி பிடித்துப் போடவும் வேண்டாம், அதற்குக் கை நிறைய வாய் இருக்கிறது. தொட்டியைப் பார்சலில் அனுப்பலாமா என்று கேட்காதீர்கள். வழியில் குலுங்கினால் காய் தங்காது. அது பிழைத்த ஜன்னலிலேயே இருக்கட்டும்.

வருத்தப்படுவதாக எழுதியிருந்தீர்கள். படித்தேன். அதற்கு மேல் இப்போது எழுத எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது தொட்டியில் சில, உங்கள் மருமகன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து என்னோடு இருந்தவை.

புட்டி அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 2

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மார்ச் ஒன்பதாம் தேதி ஒரு தண்டு, பதினொன்றில் இன்னொன்று, பதினைந்தில் மூன்றாவது. இருபத்தாறாம் தேதி முதல் பூ. தினமும் காலை ஒன்பதரைக்கு உயரம் அளந்து குறித்திருக்கிறேன். நகல் இத்துடன். ஆய்வகத்துக்கு வருபவர்கள் எல்லாரும் இப்போது மூன்றாவது ஜன்னலுக்கு வந்துவிட்டுத்தான் போகிறார்கள். நான்தான் விளக்கம் சொல்கிறேன். கதவில் மயிர் என்ற இடத்தில் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள்.

இப்போது கெட்ட செய்தி. நேற்று அளவுகோலை வைக்கும்போது என் சட்டைக் கை மாட்டி முதல் தண்டு ஒடிந்துவிட்டது. அதில்தான் காய் திரண்டிருந்தது. பச்சைக் காய், விதை முற்றவில்லை. இரண்டாவது தண்டின் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிட்டது. மீதி இருப்பது ஒன்று.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஒடிந்ததைப் புட்டியில் போட்டுச் சீட்டில் "வேதியியலாளரின் கவனக்குறைவால்" என்று எழுதி வைத்திருக்கிறேன். புட்டி அக்கா அதைப் படித்துவிட்டு, இனி ஜன்னல் பக்கம் வந்தால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

இருப்பது ஒரே தண்டு. ஜூன் முப்பதுக்கு எண்பத்தொன்பது நாள்.

சம்பந்தி


ஏப்ரல் 6

சம்பந்தி அவர்களுக்கு,

இனி அளக்காதீர்கள். பாருங்கள், அது போதும்.

திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் எனக்கும் ஒரு கதை இருக்கிறது, உங்கள் மருமகனுக்குக்கூடத் தெரியாது. முதன்முதலில் அந்தச் சரிவில் இந்தச் செடியைப் பார்த்த அன்று ஆவலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தது ஒரு கொத்துப் பூவின் மேல். எழுந்து பார்த்தால் புடவையில் ஊதாக் கறை. ஆசை அதிகமானவர்களிடம்தான் செடி அதிகம் அடிபடுகிறது.

அந்த ஒரே தண்டு தாங்கும். தாங்காவிட்டால், "கொக்கி இருந்தது, நான் பார்த்தேன்" என்று நான் ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டு திரிவேன். அதற்கும் மனசைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் சரியாகத் தயாராகவில்லை.

பேத்தி உங்கள் அளவுக் குறிப்புத் தாளைக் கசக்கி வாயில் வைத்துக்கொண்டாள். பிடுங்கிவிட்டேன்.

சம்பந்தி


மே 4

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

காய் திரண்டுவிட்டது. தாள் பை மாட்டியாயிற்று. மாட்டியது புட்டி அக்கா, என் கையை யாரும் நம்பவில்லை.

சென்ற மாதம் பதினேழாம் தேதி தண்ணீர் வடிக்கும் எங்கள் கருவியின் சூடேற்றி எரிந்துபோயிற்று. புதிது வரப் பதினேழு நாள் ஆகும் என்றார்கள். இருப்பில் இருந்த வடித்த தண்ணீர் பரிசோதனைகளுக்கே போதாது, அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. ஊர்க் குடிநீர் முதலில். இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

அடுத்த நாள் காலை தட்டு பாதி வற்றியிருந்தது. வெயில் கொளுத்துகிறது. ஜன்னலில் நின்று யோசித்தேன். பிறகு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் பின்னால் போய், அவருடைய ஏசிக் குழாயின் கீழே வைத்தேன். மேலாளர் ஜன்னலைத் திறந்து, "என்ன சார், நம்ம நிலையத்திலயே தண்ணிப் பஞ்சமா?" என்றார். நான் வாளியைச் சொட்டுக்கு நேராக நகர்த்தி வைத்தேன்.

முதல் வாளியைச் சோதித்தேன். லிட்டருக்குப் பதினொரு மில்லிகிராம்தான் உப்பு. உங்கள் கேனை அழுக்குத் தண்ணீர் என்று எழுதியிருந்தேன். சோதிக்காமல் சொன்ன சொல் அது. என் வேலையில் அதைவிடப் பெரிய தப்பு இல்லை. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்றோடு பதினேழு நாள். செடிக்குக் குறை ஒன்றும் இல்லை. காயின் நுனியில் லேசாகப் பழுப்பு ஏறுகிறது.

சம்பந்தி


மே 9

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் வாளியோடு மேலாளரின் ஏசிக்குக் கீழே நின்ற காட்சியை நான் தினமும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கிறேன். உடம்புக்கு நல்லது.

பழுப்பு முழுக்க ஏறி, தாளைத் தட்டினால் மணல் சத்தம் கேட்கும். அப்போது எடுங்கள். பாதி விதையைத் தாளில் மடித்து எனக்கு அனுப்புங்கள். பாதி உங்களிடமே இருக்கட்டும். ஒரே உறையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு இரண்டு பேரும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

என் படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். விதையைப் பார்த்த பிறகு பிரியுங்கள். முன்னாடி பார்த்தால் கண் அதையே தேடும். நீங்கள் என்ன பார்த்தீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். கொக்கி இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், எனக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

சம்பந்தி


மே 21

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மே இருபது, காலை பதினொன்றேகால். காய் பிளந்தது. தாள் பையில் இருந்த விதை தோராயமாக நூற்று நாற்பது. அளக்காதீர்கள் என்றுதானே சொன்னீர்கள், எண்ணக் கூடாது என்று சொல்லவில்லை.

பாசி பார்க்கும் எங்கள் நுண்ணோக்கியில் பன்னிரண்டு விதைகளை வைத்தேன். உங்கள் உறையைப் பிரிக்கவில்லை. நான் பார்த்தபடி முதலில் ஒரு தாளில் வரைந்தேன். எனக்குப் படம் வராது. வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு ஆகும். எப்படியோ வரைந்து, கையெழுத்துப் போட்டு, புட்டி அக்காவையும் பார்க்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே உங்கள் உறையைப் பிரித்தேன்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கொக்கிகள் இருக்கின்றன. பன்னிரண்டு விதையிலும். நுனியில் நங்கூரம் மாதிரி மூன்றாகப் பிரிந்திருப்பதுகூட நீங்கள் வரைந்தபடியே இருக்கிறது. அதை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தேன், அங்கே இருந்தது.

அம்மா, நீங்கள் வரைந்தது சரி.

புட்டி அக்கா போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை பார்த்தார். "அந்தம்மாவைப் பாத்துச் சிரிச்ச ஆளு யாரு சார்?" என்று கேட்டார்.

விதை எழுபதும், இரண்டு புட்டிப் பூவும், என் படமும் பதிவுத் தபாலில் வருகின்றன. வேதியியலாளர் என்ற முறையில் சான்றுக் குறிப்பு ஒன்றும் எழுதி நிலைய முத்திரை இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். முத்திரை தண்ணீருக்கு மட்டும்தான் செல்லும்.

சம்பந்தி


ஜூலை 3

சம்பந்தி அவர்களுக்கு,

ஜூன் பத்தாம் தேதி நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அதிகாரி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் கால் மணி நேரம் அதை எடுக்கவே இல்லை. பார்த்துவிட்டுச் சொல்வதாக வாங்கி வைத்துக்கொண்டார். நேற்றுதான் கூப்பிட்டார். சாதாரண வகை இல்லை. இதுவரை யாரும் பதிவு செய்யாத வகை. தனியாகப் பட்டியலில் ஏறுகிறது.

"அம்மா, அன்னைக்குக் கண்ணைப் பத்தி ஒண்ணு சொன்னேன். தப்பு" என்றார்.

"ரத்தம் பாக்கிற கண்ணுதான் சார். எங்கிட்ட வேற கண்ணு கிடையாது" என்றேன்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது, சம்பந்தி. அடக்கமாக இருக்க முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. காலையிலிருந்து இந்தத் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன். பைச்செடி என்றால் பை தைக்கிற செடியா என்று ஒருவர் கேட்டார். அவருக்கும் முழுசாக விளக்கினேன்.

பதிவுத் தாளில் சில கட்டங்கள் நிரப்பச் சொன்னார்கள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். வளர்த்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் புட்டி அக்கா பெயரையும் எழுதினேன். தண்ணீர் என்று ஒரு கட்டம் இருந்தது. "குடிநீர் நிலைய ஆய்வகத்தில் காய்ச்சி வடித்தது, பதினேழு நாள் மட்டும் மேலாளர் அறை ஏசி" என்று எழுதினேன். அதிகாரி மூன்று தடவை படித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். அந்த நிலையம் இருக்கும் வரை அந்தத் தாள் இருக்கும்.

இனி அந்தச் சொல்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் நான் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கே என்ன நோய் வந்தாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். அந்தப் பதினெட்டு வருடத்தில் குழாய்த் தண்ணீரால் பரவியது என்று ஒரு மாதிரிகூட என் கைக்கு வந்ததில்லை. இங்கே வந்த ஐந்து மாதத்தில் முப்பத்தொரு குழந்தைகளுக்கு அப்படிப் பார்த்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அங்கே அது தானாக நடந்துகொண்டிருக்கவில்லை என்று. யாரோ ஒருவர் தினமும் விடாமல் அளந்துகொண்டிருந்தார்.

விஷம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கடிதத்தில் எழுதினால் போதும் என்றீர்கள், ஆனால் சொன்னது படியில் நின்று. இங்கேயும் ஒரு மாடிப்படி இருக்கிறது. நேற்று மாலை உங்கள் மகளையும் என் மகனையும் கீழே நிற்க வைத்து, மேல் வீட்டுக்காரர்கள் இறங்கி வரும் நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செடி அதன் ஜன்னலை விட்டுக் கிளம்பலாம். பார்சல் வேண்டாம். யாராவது மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

சம்பந்தி


ஜூலை 8

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னார் புட்டி அக்கா. பதினெட்டு வருடம் என்ற இடத்தில் தாளை அவரிடமே நீட்டிவிட்டேன். மீதியை அவரே வாங்கி வாசித்தார். முடித்துவிட்டு, "இதுக்கு ஒரு சீட்டு எழுதி அலமாரியில வைங்க சார், ஒரு வருஷம் கழிச்சும் கொட்டக் கூடாது" என்றார். வைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் என் தண்ணீருக்கு வந்த ஒரே சான்றிதழ் அது.

அழுகண்ணியைப் பிரித்து ஒரு தொட்டியைப் புட்டி அக்கா ஜன்னலிலேயே வைத்துக்கொண்டார். ஒரே மண்ணில் இருந்ததால் அதிலும் உங்கள் செடி ஏறியிருக்கும். ஏறட்டும்.

பன்னிரண்டாம் தேதி ரயிலில் வருகிறேன். ஜன்னல் ஓர இடம் கிடைத்திருக்கிறது. செடி மடியில் இருக்கும், பெட்டியை மருமகன் வந்து எடுத்துக்கொள்ளட்டும். பேத்திக்கு என்னை அடையாளம் தெரியாது என்பது தெரியும், அழுதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பையில் இரண்டு புட்டித் தண்ணீர் கொண்டுவருகிறேன். ஒன்று காய்ச்சி வடித்தது, செடிக்கு. இன்னொன்று எங்கள் குழாயில் இன்றைக்குப் பிடித்தது, உங்களுக்கு. இரண்டிலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி